வாட்டம்

மேஸ்திரி வந்ததும் முதலில் கேட்டது ஒரு வாளித் தண்ணீர். குடிக்கவோ கைகால் கழுவவோ இல்லை. வாங்கிக்கொண்டு நேராக எங்கள் சிமெண்ட் வாசலின் நடுவுக்குப் போய், கோலம் போடப் போகிறவரைப் போலக் குனிந்து மெதுவாக ஊற்றினார். ஊற்றிவிட்டுப் பேசாமல் நின்றார். நானும் நின்றேன். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு கோடு மட்டும் இடப்பக்கமாக நகர்ந்து, வேகம் பிடித்து, சித்தி வீட்டுச் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தியா தம்பி," என்றார். "நீ ரோட்டுப் பக்கம் வாட்டம் குடுத்துருக்கன்னு சொல்ற. தண்ணி வேற சொல்லுது."

கொத்து வேலையில் சரிவுக்குப் பெயர் வாட்டம். மொட்டை மாடிக்கு வாட்டம், பாத்ரூமுக்கு வாட்டம், சாக்கடைக்கு வாட்டம். எங்கள் ஊரில் முகம் வாடிக் கிடப்பதற்கும் அதே சொல்தான். 2024 கார்த்திகையிலிருந்து 2025 ஆனி வரைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு வாட்டமும் இருந்தது. முதலாவதைச் சரி செய்யத்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தேன். இரண்டாவதற்கு ஆள் கிடைக்குமா என்று தெரியவில்லை.

எங்கள் வீடு பாகூர் ஏரிக்குக் கீழே, கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக்கொண்ட வீடுகள். நடுவில் வாசல் பொது. சித்தி வீட்டுப் பக்கவாட்டுக் கதவு எங்கள் வாசலில்தான் திறக்கும். சித்தப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சித்தி தையல் மிஷினை வைத்துத்தான் பாப்பாவைப் படிக்கவைக்கிறாள்.

2022 வைகாசியில் வாசலுக்குக் கான்கிரீட் போட்டது நான். அதற்கு முந்தின வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. வாக்கரின் கால்கள் மண் வாசலில் புதையும். மழை பெய்தால் இரண்டு நாளைக்கு அவர் திண்ணையை விட்டு இறங்க முடியாது. அம்மா சொன்னது ஒன்றுதான்: "அவரு நடக்கறதுக்கு ஒரு நாலடி நடை போட்டாப் போதும்டா." நான்தான் கேட்கவில்லை. முதல் தடவையாகக் கையில் நல்ல சம்பளம். நாலடி போட்டால் என்ன, முழுதும் போட்டால் என்ன, ஆள் கூலி ஒன்றுதானே என்று கான்டிராக்டர் சொன்னதும் அப்படியே பிடித்துக்கொண்டேன். நெல் காயவைக்கலாம், சேறு இல்லை, பாம்பு வராது. இன்னொரு காரணமும் உண்டு. எதற்கு மறைப்பது? போட்டோவில் நன்றாக இருக்கும்.

40 அடி நீளம், 28 அடி அகலம், நாலு இஞ்ச் கனம். சித்தி வீட்டுப் பக்கம் பழைய எருக்குழி ஒன்று இருந்தது. மாடு போன பிறகு சும்மா கிடந்த குழி. அதையும் இடிபாட்டைக் கொட்டித் தூர்த்து, மேலே கான்கிரீட் போட்டாயிற்று. சரியாகத் திமிசு போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறு வருஷமே அந்தப் பக்கம் ஒரு இஞ்ச் உட்கார்ந்துவிட்டது. அதே சமயம் தெருவுக்குப் புதிதாக ஒரு அடுக்குப் போட்டதில் தெரு உயர்ந்தது. எங்கள் கேட்டை விட உயரம். ஆக, தண்ணீர் போக வேண்டிய பக்கம் மேடு, போகக் கூடாத பக்கம் பள்ளம். இத்தனை வருஷம் மழைத் தண்ணீர் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பாதியை மண் குடித்துக்கொண்டிருந்தது, மீதியை எருக்குழி.

ஃபெஞ்சல் புயல் வந்த சனிக்கிழமை, 2024 நவம்பர் 30, நான் ஊரில்தான் இருந்தேன். ராத்திரி பத்தரைக்கு மேல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்தது என்று செய்தியில் சொன்னார்களே தவிர அது போகவில்லை. மணிக்கணக்காக எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. காற்றுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, மழைதான். ஞாயிறு காலை எட்டரை வரைக்கும் 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவானது ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். வருஷம் முழுக்க இங்கே பெய்வதே சுமார் 130 சென்டிமீட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே ராத்திரியில்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். பாப்பாவின் குரல் கேட்டது. "பெரிம்மா... பெரிம்மா..." டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. ஓடி, சித்தி வீட்டுப் பக்கவாட்டுக் கதவின் அடியில் நுழைந்தது. சித்தி கோணிப்பையை மடித்து மடித்துக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். அது நிற்குமா? அவள் வீடு எங்கள் வீட்டை விட ஒரு அடி தாழ்வு. உள்ளே முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர்.

தையல் மிஷின் மோட்டார் போனது. அதைக்கூட வாங்கிவிடலாம். கார்த்திகை முகூர்த்தம். கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுத்திருந்த பதினொரு ஜாக்கெட் துணி கட்டிலுக்கடியில் பையில் இருந்தது. லைனிங் சாயம் போய்ப் பட்டில் ஏறிவிட்டது. ஊரான் வீட்டுப் பட்டு. அதற்கெல்லாம் அவள் பணம் கொடுத்தாள். யாரிடம் கடன் வாங்கினாள் என்பதை எங்களிடம் சொல்லவில்லை.

இரண்டாம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. பாகூர்ப் பக்கம் ஆற்றோரக் கிராமங்களில் நடந்ததோடு பார்த்தால் எங்கள் கதை சின்னக் கதை. அங்கே ஆறு வந்தது. அதற்கு யாரையும் கை காட்ட முடியாது என்றில்லை, அதை மற்றவர்கள் பேசட்டும். சித்தி வீட்டுக்குள் வந்தது ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. அது என் வாசல் தண்ணீர்.

ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அரசாங்கம் கொடுத்தது. எங்கள் கார்டுக்கு வந்ததை அம்மா அப்படியே கொண்டுபோய் சித்தியிடம் நீட்டினாள். சித்தி வாங்கவில்லை. சண்டையும் போடவில்லை. "எங்க கார்டுக்கும் வந்துருக்குதுங்க," என்றாள். இருபத்தைந்து வருஷமாக 'அக்கா, போ, வா' என்று பேசியவள் வாயில் 'ங்க'. அதன் பிறகு என்னையும் 'வாங்க, போங்க'தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கவாட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ் போட்டு, அடியில் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பூசிவிட்டாள்.

தைப் பொங்கலுக்கு வந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் வாசல் 104 சதுர மீட்டர். 480 மில்லிமீட்டர் மழை. கிட்டத்தட்ட 50,000 லிட்டர். வெயில் காலத்தில் சென்னையில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் நான்கை வரிசையாக நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகச் சித்தி வீட்டுக்கதவை நோக்கித் திறந்துவிட்ட மாதிரி. கூரைத் தண்ணீரை இதில் சேர்க்கவில்லை.

பிறகு வழக்கம்போல வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ட்ரெஞ்ச் ட்ரெயின் என்று உலகம் முழுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. கான்கிரீட் தரையை நீளமாக வெட்டி, உள்ளே ஒடுக்கமான வாய்க்கால் வைத்து, மேலே இரும்புச் சட்டம் மூடுவது. பஸ் ஸ்டாண்டில், பெட்ரோல் பங்கில், ஏர்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். மிதித்துத் தாண்டியிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். நன்றாக வேலை செய்கிற வாய்க்காலை யாரும் கவனிப்பதில்லை. ஆன்லைனில் பிளாஸ்டிக்கில் ரெடிமேடாக, ஒரு மீட்டர் துண்டுகளாகக் கிடைத்தது. ஒன்றோடு ஒன்று சொருகினால் வேலை முடிந்தது. பன்னிரண்டு துண்டு வாங்கிவிட்டேன்.

மேஸ்திரி அதில் ஒன்றைக் கையில் எடுத்து, மேல்மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, அறுப்பு வந்தா டிராக்டர் உள்ள வருமா?"

"வரும்."

"நெல்லோட?"

"நெல்லோடதான்."

"அப்ப இது டிராக்டருக்கு அப்பளம்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த 'ஏ 15' என்பதற்கு அர்த்தம் தேடினேன். இந்த மூடிகளுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 1433 என்று ஒரு தர அளவு இருக்கிறது. ஏ 15 என்றால் ஒன்றரை டன். நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள் போகும் இடத்துக்கு. பி 125 பன்னிரண்டரை டன். சி 250, டி 400 என்று ஏறிக்கொண்டே போய், விமானம் நிற்கும் தளத்துக்கு எஃப் 900, அதாவது தொண்ணூறு டன் வரை. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் 'இதன் மேல் எது போகும்' என்று கேட்டிருக்கிறார். நான் கேட்காத கேள்வி. மேஸ்திரி எந்தத் தர அளவையும் படித்தவரில்லை, கட்டைவிரலால் கேட்டார். பன்னிரண்டு துண்டும் இப்போது தோட்டத்தில் அம்மாவின் கீரைப் பாத்திக்குக் கரையாக இருக்கிறது.

அவருக்கு வில்லியனூர்ப் பக்கம், சங்கராபரணி ஓரம். அவர் வீட்டிலும் அந்தப் புயலில் தண்ணீர். அதனாலோ என்னவோ, வாய்க்காலின் அகலம் ஆழம் எதையும் பேசாமல், "எங்க கொண்டும் போய் வுடப் போற?" என்றுதான் ஆரம்பித்தார். எனக்கு அப்போது புரியவில்லை. கணக்குப்படி ஆறு இஞ்ச் அகலம், ஆறு இஞ்ச் ஆழம், சரியான வாட்டம் இருந்தால் அந்த வாய்க்கால் நொடிக்கு 15 லிட்டருக்கு மேல் தாராளமாகக் கடத்தும். மணிக்கு பத்து சென்டிமீட்டர் என்று வானம் கிழிந்து ஊற்றினால்கூட எங்கள் வாசலுக்கு நொடிக்கு மூன்று லிட்டர்தான். ஐந்து மடங்கு இடம் இருக்கிறதே, அப்புறம் என்ன?

"தம்பி, குழாய் பெருசா சின்னதாங்கறது இல்ல பேச்சு. அந்தப் பக்கம் வாய் தொறந்து இருக்கணும்."

தெருவுக்குப் போகாது, தெரு மேடு. குழி வெட்டி உள்ளேயே இறக்கிவிடலாம் என்றால், எங்கள் மனையில் நாலடிக்குக் கீழே களி; கார்த்திகையில் அது ஒரு சொட்டும் குடிக்காது. மிச்சம் இருந்தது பின்பக்கம். இரண்டு வீட்டுக்கும் பின்னால் பழைய பாசன வாய்க்கால் ஒன்று போகிறது. அதற்குப் போக வேண்டுமானால் சித்தி வீட்டுக் கொல்லையில் 22 அடி தோண்ட வேண்டும்.

பாகூர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிக் கதை நிறைய உண்டு. சொர்ணாவூரில் தென்பெண்ணையை மறித்து, அங்கிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. இந்தப் பக்கத்தை நெற்களஞ்சியம் என்று சொல்வதே அதனால்தான். பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் வாய்க்கால் வெட்டியதாக ஆயா சொல்லுவாள். முத்திரப்பாளையத்தில் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் கதை எல்லாருக்கும் தெரியும். அவளுக்காகப் பாரதி பூங்காவில் கட்டிய மண்டபம்தான் புதுச்சேரி அரசின் சின்னம். 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 84 ஏரிகளைச் சீர் செய்யும் திட்டம் வந்தபோது நான் கைக்குழந்தை. எல்லாமே தண்ணீரைக் கொண்டுவந்த கதை, தேக்கிய கதை. வெளியே அனுப்பியவர் பெயரில் ஒரு கல்கூட எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் வாசல் தண்ணீர் பின் வாய்க்காலில் சேர்ந்து கடலுக்குப் போவதற்குள் இரண்டு மூன்று தடவை தமிழ்நாட்டுக்குள் போய்விட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பும். இந்தப் பக்கத்து எல்லைக்கோடு அப்படி. ஆனால் அதற்கு முன்னால் சித்தியின் 22 அடியைத் தாண்ட வேண்டும்.

ஊரில் இப்படி ஒரு பேச்சுக்கு முன்பெல்லாம் நடுவில் ஒருவர் வருவார். மெம்பர் என்று யாரும் இல்லை இப்போது. 1968க்கு அப்புறம் 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு தேர்தல் இல்லை. பெரியவர் யாரையாவது கூட்டிப்போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "தப்பு பண்ணவன் போய்க் கேளு. ஆள் வெச்சிப் பேசுனா அவ கதவே தொறக்க மாட்டா," என்றாள்.

தெருவழியாகச் சுற்றி முன்வாசலுக்குப் போனேன். சித்தி புது மிஷினில் உட்கார்ந்திருந்தாள். காலால் மிதிக்கிற மிஷின், மோட்டார் இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். எருக்குழியைத் தூர்த்தது தப்பு, முழு வாசலும் போட்டது தப்பு, இந்த மாதிரி ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன், உன் கொல்லையில் பைப் போக வேண்டும்.

"நீங்க எது வேணும்னாலும் பண்ணிக்கலாம்ங்க," என்றாள். தலை நிமிரவில்லை.

"எடம் உன்னுது சித்தி."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கை முழுதும் தைத்து முடித்த பிறகு நூலை வெட்டினாள்.

"அடைச்சிக்கிட்டா யாரு எடுப்பா? நீங்க மெட்ராஸ்ல இருப்பீங்க. பெரியவரால முடியாது. அக்கா முட்டி வலிக்காரி. அடைச்சிக்கிட்டா எல்லாத் தண்ணியும் இப்ப என் கொல்லையிலேருந்து வரும். முன்ன வாசல் வழியா வந்துச்சி, இனிமே பொறத்தாலயும் வருமா?"

நான் பார்த்த முப்பது நாற்பது வீடியோவில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதில் என்னிடம் இல்லை. மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மேஸ்திரிதான் சொன்னார், "அது நாயம்தான?" என்று. அவரே அவளிடம் போய்ப் பேசினார். முடிவானது இது: பைப்புக்குள் நுழைவதற்கு முன்னால் எங்கள் பக்கமே ஒன்றரை அடிக்கு ஒரு தொட்டி. மண்ணும் சருகும் அதிலேயே தங்கிவிடும். அதன் மூடி சித்தி ஒற்றைக் கையால் தூக்குகிற கனத்தில் இருக்க வேண்டும். பைப் வாய்க்காலில் விழுகிற இடத்தில் லாரி ட்யூப் ரப்பரில் ஒரு நாக்கு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வாய்க்கால் நிரம்பி வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். அப்புறம், முருங்கைமரத்து வேரைத் தொடக் கூடாது.

"கொஞ்சம் ஒடச்சிடு தம்பி," என்று கூடவே எனக்கும் ஒரு நிபந்தனை போட்டார் மேஸ்திரி. சித்தி வீட்டுச் சுவரோரம் மூன்றடி அகலத்துக்குக் கான்கிரீட்டை எடுத்துவிட்டு மண்ணாகவே விட வேண்டும், அதை ஒட்டி வாய்க்கால். "மண்ணு மாதிரி ட்ரெயின் எவனும் கண்டுபுடிக்கல." வேலையை வேண்டாம் என்று சொல்லும் மேஸ்திரியை அன்றுதான் பார்த்தேன்.

ஆனி மாதம் வேலை ஆரம்பித்தது. முதல் நாள் முழுக்க வெட்டு. நூல் பிடித்து, சுண்ணாம்பில் கோடு அடித்து, வைரப் பிளேடு கட்டரால் கோட்டின் மேலேயே அறுத்தார்கள். ஒருவர் அறுக்க, ஒருவர் பிளேடின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருவார். இல்லையென்றால் தூசியில் ஆள் தெரியாது. கை கட்டர் ஒன்றே கால் இஞ்ச்தான் இறங்கும். மீதியைப் பிரேக்கரால் உடைக்க வேண்டும். எப்படியும் உடைக்கத்தானே போகிறோம், எதற்கு அறுப்பது என்று கேட்டேன். அறுக்காமல் உடைத்தால் விரிசல் தன் இஷ்டத்துக்கு மீதித் தரைக்குள் ஓடும். அறுத்த கோடு அதற்குப் போடுகிற வேலி.

துண்டுகளைப் பெயர்த்தபோது கீழே இருந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷமாக மழை படாத மண். அவ்வளவு பெரிய வெள்ளம் ஓடிய இடத்துக்கு நேர் கீழே மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு மண்புழு இல்லை.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். மட்டம் பார்ப்பது. வாய்க்கால் வேலையைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் விழுகிற வாயின் உயரத்தை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி ஏறி வர வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் வாய்க்காலை விடத் தாழ்வாகப் போய் நிற்போம். மேஸ்திரி கணக்கு பத்தடிக்கு ஒரு இஞ்ச். வாசலின் 40 அடிக்கு நாலு இஞ்ச். ஆறு இஞ்ச் ஆழத்தில் தொடங்கிப் பத்தில் முடியும்.

லேசர் எல்லாம் கிடையாது, டியூப் மட்டம்தான். நீளமான ப்ளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடிப்பது. நடுவில் சுவர் இருந்தால் என்ன, மரம் இருந்தால் என்ன, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழி மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் பொய் சொல்லும். அன்றைக்கு ஒரு ஆள் வரவில்லை. ஒரு முனை என் கையில், எங்கள் வாசலில். மறு முனையை எடுத்துக்கொண்டு மேஸ்திரி சித்தி கொல்லைக்குப் போனார். அவர் குறிக்க வேண்டும், பிடிக்க ஆள் வேண்டும்.

"தங்கச்சி, இதக் கொஞ்சம் புடிம்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. டியூபில் தண்ணீர் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் கை ஆடினால் என் பக்கம் ஆடும், என் கை ஆடினால் அவள் பக்கம்.

"ஏத்து," என்றாள்.

ஏற்றினேன்.

"போதும். எறக்கு. இன்னும் எறக்கு. ஏய், அவ்ளோ இல்ல."

'ங்க' இல்லை. மட்டம் பார்க்கிற வேலையில் மரியாதைக்கு இடமில்லை என்பதால் இருக்கலாம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். அரை மணி நேரம் பிடித்தோம். ஐந்து இடத்தில் குறி வைத்தார்கள். வேலை முடிந்ததும் அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் கை வேலை. அடியில் நாலு இஞ்ச் படுக்கைக் கான்கிரீட், ஒன்றுக்கு இரண்டு, நாலு கலவை. அது ஈரமாக இருக்கும்போதே பாதியாக அறுத்த பிவிசி பைப்பை அழுத்தி இழுத்து அடியை உருண்டையாக்கினார். தட்டையான அடியில் கொஞ்சத் தண்ணீர் பரவிச் சோம்பிக் கிடக்கும். உருண்டையான அடியில் அதே கொஞ்சத் தண்ணீர் ஒன்றுசேர்ந்து மண்ணையும் தள்ளிக்கொண்டு போகும். பக்கச் சுவர் எழுப்பி, மேல் விளிம்பில் ஆங்கிள் வைத்துப் போடும்போது கிரேட்டிங்குகளைப் பாலிதீனில் சுற்றி உள்ளே உட்காரவைத்துக்கொண்டே கான்கிரீட் ஊற்றினார். இல்லையென்றால் கான்கிரீட்டின் பாரம் இரண்டு விளிம்பையும் உள்ளே நெருக்கிவிடும், அப்புறம் மூடி இறங்காது. தரையை விடக் கிரேட்டிங் ஒரு நூல் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் தண்ணீர் அதன் முன்னால் நின்று வேடிக்கை பார்க்கும். அப்பாவின் வாக்கரும் தட்டும்.

கிரேட்டிங் வில்லியனூரில் மேஸ்திரிக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் அடித்தது. ஆறு எம்.எம். பட்டையைக் குத்துவாக நிறுத்தி, இடையில் விரல் அகலம் சந்து. இரண்டடித் துண்டு ஒன்று பத்து கிலோவுக்கு மேல். அப்படி இருபது. பட்டைகள் வாய்க்காலுக்குக் குறுக்கே ஓட வேண்டும்; நீளவாக்கில் வைத்தால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கும். ஆட்டுக்குட்டியின் கால் போகாத சந்தாகவும் இருக்க வேண்டும். இதையெல்லாம் பட்டறைக்காரர் கேட்டுக் கேட்டு அடித்தார். கடல் காற்றுக்கு இரும்பு நிற்காது, ரெட் ஆக்சைடு வருஷா வருஷம் அடிக்க வேண்டும்.

பழைய தரைக்கும் புது வாய்க்காலுக்கும் நடுவில் தெர்மாகோல் பட்டை ஒன்றை மேஸ்திரி நிறுத்தினார். சித்தி தன் முன்வாசல் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு?"

"வெயில் காலத்துல தரை விரியும்மா. எடம் வுடலன்னா வாய்க்காலப் புடிச்சி நசுக்கிடும்."

நான் உள்ளே கணக்குப் போட்டேன். 40 அடிக் கான்கிரீட், முப்பது டிகிரி சூடு கூடினால் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளும். சொல்ல வாயைத் திறப்பதற்குள் சித்தி, "தையலுக்கு விடற துணி மாதிரி," என்றாள். மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார். படித்தவன் நீ, அவள் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் பார் என்கிற மாதிரி.

மொத்தம் அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே ஆனது. வாசல் போட்ட செலவில் பாதிக்கு மேல். அதைச் சொல்லி அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள். இன்னொரு குறையும் அவளுக்கு உண்டு: தை மாதம் பெரிய கோலம் போட்டால் ஒரு பக்கத்து இதழ் கிரேட்டிங்கில் போய் விழும். எடுத்துவிட்ட மூன்றடி மண்ணில் கனகாம்பரமும் துளசியும் வைத்திருக்கிறாள். அப்பா ஒரு நாளைக்கு நான்கு தடவை வாக்கரோடு வாய்க்கால் வரைக்கும் போய், குனிந்து உள்ளே பார்த்துவிட்டு வருகிறார். அவருக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. பார்த்துவிட்டு வந்து கையை அலை மாதிரி ஆட்டிக் காண்பிப்பார். ஓடுகிறதாம். வெயில் காலத்திலும் அப்படித்தான் காண்பித்தார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. புயல் இல்லை, சும்மா பருவமழை, ஆனால் விடாமல். நான் சென்னையில். பதினொன்றரைக்குப் போன் அடித்தது. சித்தி நம்பர். பதினோரு மாதத்தில் அந்த நம்பர் என் போனில் வந்தது அப்போதுதான். எடுப்பதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன். போனில் முதலில் மழைதான் கேட்டது.

"டேய், மூணாவது ஜல்லடை வர மாட்டங்குது. எந்தப் பக்கம் நெம்பணும்?"

"என்னாச்சி சித்தி? தண்ணி உள்ள வந்துடுச்சா?"

"வரல. வேப்பஞ்சருகு அடைச்சிக்கினு இருக்குது, மேல நிக்குது தண்ணி. தொட்டிய நான் வாரிட்டன். இது வர மாட்டங்குது. பாப்பா டார்ச் புடிச்சிக்கினு நிக்கறா, சீக்கிரம் சொல்லு."

"செவுத்துப் பக்கம் ஓரத்துல ஒரு ஓட்டை இருக்கும். கம்பி வுட்டு மேல தூக்காத, மொதல்ல உன் பக்கம் இழு. அப்பறம் தூக்கு."

போனைக் கீழே வைத்திருக்கிறாள் போலிருந்தது. இரும்பு கான்கிரீட்டில் உரசும் சத்தம். பாப்பா ஏதோ சொன்னாள். அம்மாவின் குரலும் கேட்டது, "கால நசுக்கிக்கப் போற, மெல்ல." பிறகு கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம், குடம் கவிழ்ந்ததுபோல ஒரு சத்தம், தொடர்ந்து தண்ணீர் இறங்குகிற சத்தம். அது நீண்டுகொண்டே போனது. யாரும் போனைக் கட் பண்ணவில்லை.